ஒன்பதாவது வளைவில் கொதிக்கும் வேன்

ஏப்ரல் 6, திங்கள்

இன்றும் கொதித்துவிட்டது. மலை ரோட்டில் அதே ஒன்பதாவது வளைவு. மேலே ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற பன்னிரண்டு பேரும் இறங்கி ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள். வேன் ஓட்டுகிற என் மகள் பானெட்டைத் திறந்து வைத்து அட்டையால் விசிறியிருக்கிறாள். இஞ்சினுக்கு விசிறினாளோ தன் முகத்துக்கு விசிறினாளோ. வீட்டுக்கு வரும்போது சட்டைக் கையும் ஈரம், கண்ணும் ஈரம். கேட்டால், "ஆவி பட்டுச்சும்மா" என்கிறாள். ஆவிக்கு அவள் கண்தான் அகப்பட்டதா?

இது ஆறாவது தடவை. மார்ச் 11, 17, 20, 26, ஏப்ரல் 1, இன்றைக்கு. இதையெல்லாம் இதுவரை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, மனசில் இருந்தது. எழுதி வைத்துப் பார்க்கிறவளாக இருந்தால் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி ஆபீஸ் அம்மா நேராகவே சொல்லிவிட்டாளாம்: "இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா மே ஒண்ணாம் தேதியில இருந்து வேற வண்டி வச்சுக்குவோம்." இவர்கள் போனால்தான் வார்டில் ராத்திரி வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குக் கிளம்ப முடியும். அவள் கேட்பது நியாயம். நியாயமாக இருப்பதால்தான் இன்னும் எரிகிறது.

அந்த வேனில்தான் மகள், பேத்தி, நான், மூன்று பேர் சாப்பாடு. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் அதற்கு வேறு நோட்டு வாங்க வேண்டும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வேனை மகள் கொண்டுபோய் விடுவது ஒரே பட்டறையில்தான். என் வீட்டுக்காரரின் தம்பி பட்டறை. அவளுக்குச் சித்தப்பா. எனக்கு "அந்த ஆள்". இந்த நோட்டில் அப்படித்தான் வரும்.

இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் லாரியின் இஞ்சின் மலை ஏற்றத்தில் கொதித்து இறுகிப் பிடித்துப்போய், கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அந்த ஆள் திறந்து பார்த்துவிட்டுப் பட்டறை வாசலில் வைத்து, பதினொரு பேர் முன்னால் சொன்னான்: "அண்ணன் தண்ணி பாக்காம ஓட்டியிருக்காரு." பதினொரு பேரும் யார் யார், யார் எங்கே நின்றார்கள், வெற்றிலை மென்றது யார், எல்லாம் என்னால் இப்போதும் சொல்ல முடியும். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். லாரி பழைய இரும்புக்குப் போனது. அதற்குப் பிறகு அடுத்தவன் லாரிகளில் மூட்டை ஏற்றினார். மூன்றாம் வருஷம் போய்விட்டார். தண்ணி பாக்காத டிரைவர் என்ற பேரோடு போனார்.

தண்ணி பார்க்கவில்லையா? தினமும் விடிகாலை ரேடியேட்டருக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். முன்னெல்லாம் அரைச் செம்பு போதும். கடைசி ஒரு மாசம் மூன்று செம்பு. மூன்றையும் ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவார். இதை அந்த ஆள் என்னிடம் கேட்டானா? கேட்கவே இல்லை. நானும் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான்.

அவன் கொடுத்த பொருள் எதுவும் என் கையால் புழங்காது. போன நவம்பர் 14, வேனின் ரேடியேட்டர் மூடியில் ரப்பர் கிழிந்துவிட்டதென்று காகிதப் பையில் புது மூடி கொடுத்தனுப்பினான். "நீ குளிச்சுட்டு வா, நானே மாட்டிடறேன்" என்று மகளிடம் சொன்னேன். மாட்டினேன். அவன் அனுப்பியதை இல்லை. அது பட்டன் டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. லாரியை இரும்புக்குக் கொடுக்கும்போது இவர் ஞாபகத்துக்கென்று அதன் மூடியை மட்டும் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுப் பளபளவென்று தேய்த்து அதை மாட்டினேன். அதற்கென்றே செய்த மாதிரி டக்கென்று உட்கார்ந்தது. மூடி என்றால் மூடிதான். இதற்குப் போய் அந்த ஆளிடம் கையேந்துவதா?

ஏப்ரல் 8, புதன்

மகள் இப்போது அரை மணி முன்னதாகவே கிளம்புகிறாள். ஏழாவது வளைவில் நிறுத்தி ஆறவைத்துப் போகிறாளாம். எத்தனை நாளைக்கு?

ஏப்ரல் 10, வெள்ளி

அந்த ஆள் தீர்ப்பு சொல்லிவிட்டான். தெர்மோஸ்டாட் பார்த்தாயிற்று, ஃபேன் பார்த்தாயிற்று, வாட்டர் பம்ப் பார்த்தாயிற்று, ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. ஒன்றும் சிக்கவில்லை. அதனால் இஞ்சினுக்குள்தான் இருக்கிறதாம், உள்ளே அடைத்துப் பிடிக்கிற கேஸ்கெட் தகடு போயிருக்குமாம். 20ஆம் தேதி திங்கட்கிழமை வேனை விட்டால் பத்து நாள் பிரித்துப் போட வேண்டும்.

பத்து நாள் வேன் படுத்தால் ஆஸ்பத்திரி வேறு வண்டி வைத்துக்கொள்ளும். இதற்குக் கணக்குப் படிக்க வேண்டாம்.

"சித்தப்பா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றாள் மகள்.

"உங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் சொன்னான்."

"ஆரம்பிச்சுட்டியா?"

ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். 20ஆம் தேதிக்கு முன்னால் இந்த வேன் ஏன் கொதிக்கிறதென்று நானே கண்டுபிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி உட்கார்ந்து போகப்போகிறேன். காலியாகப் போனால் கொதிக்காதாம், ஆள் பாரம் இருந்தால்தான் கொதிக்குமாம். பாரத்துக்கு என்ன குறை?

ஏப்ரல் 12, ஞாயிறு

தெருமுனைத் தண்ணி கேன் கடைக்காரர் முப்பது கேன் இரவல் தந்தார். எல்லாம் முழு கேன். "என்னம்மா, மலைக்குக் குடிதண்ணி சப்ளையா?" என்றார். "ஆமா, மலைக்குத் தாகமாம்" என்றேன். பேத்தி பின்சீட்டில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து அவற்றையெல்லாம் நர்ஸ் என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

முன்சீட்டில் நான். சூட்டு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆறாவது வளைவு வரை நடுவில் நின்றது. ஏழில் அசைந்தது. எட்டில் ஏறியது. ஒன்பதில் உஸ்ஸென்று சத்தம். இறங்கிப் பார்த்தேன். இஞ்சினுக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. மூடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய டியூப் போகிறது, அதன் நுனியில் ஒரு வெள்ளை பாட்டில். அந்த பாட்டில்தான் குபுகுபுவென்று பொங்கி வழிந்தது. வெளியே போகிற தண்ணீரெல்லாம் மூடி வழியாகத்தான் போகிறது.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: உள்ளே ஆவி அடைபட்டுக் கஷ்டப்படுகிறது, மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் மூச்சு விடும், சூடு தணியும். இரண்டு மணி நேரம் நன்றாக ஆறவைத்து, தண்ணீர் நிரப்பி, மூடியை ஒரு பல் தளர்த்தி வைத்தேன். கீழே இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஏறினோம்.

ஐந்தாவது வளைவிலேயே கொதித்துவிட்டது.

மகள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "போதும்மா. இஞ்சினக் கொன்னுராத." பேத்தி மட்டும், "பாட்டி, ஒம்போதுல இருந்து அஞ்சுக்கு வந்துருச்சு. இன்னும் தளத்துனா வாசல்லயே கொதிக்கும்" என்றாள். வாயைப் பார். ஆனால் அது சரியான பேச்சு. அதே வேன், அதே கேன், அதே ரோடு. மூடியை மட்டும்தான் தொட்டேன். அப்படியானால் ஒன்பதுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்பது அந்த மூடிதான்.

ஏப்ரல் 13, திங்கள்

மூடி என்றால் மூடிதான் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

குக்கரில் கிழங்கு வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டேன். சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. பேத்திக்குப் பசி, அவசரத்தில் கரண்டியால் வெயிட்டை மெல்லத் தூக்கினேன். உள்ளே தளதளவென்று கொதிக்கிற சத்தம். அடுப்பில் தீ இல்லை. வெயிட்டைக் கீழே விட்டேன், அடங்கியது. தூக்கினேன், கொதித்தது.

நாற்பது வருஷமாக இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

சூடு ஏறியதால் கொதிக்கவில்லை. அழுத்தம் போனதால் கொதித்தது. அழுத்திப் பிடித்திருக்கும்வரை அவ்வளவு சூட்டிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. கையெடுத்தால் அதே சூட்டில் ஆவியாகிவிடுகிறது. இஞ்சினுக்கும் இதுதானே. தண்ணீர் தண்ணீராக இருந்தால்தான் இஞ்சின் சூட்டைச் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போகும். ஆவியாகிவிட்டால் எதைச் சுமக்கும்? இஞ்சினை அப்படியே கைவிட்டுவிடும்.

அப்படியென்றால் வேன் மூடிதான் அதற்கு வெயிட். தளர்த்தினேன், ஐந்தில் கொதித்தது. நன்றாக மூடினால் ஒன்பதில் கொதிக்கிறது. நன்றாக மூடியும் ஏன் ஒன்பதில்...

எழுந்து போய்ப் பட்டன் டப்பாவை நகர்த்தினேன். அந்தக் காகிதப் பை. புது மூடியின் தலையில் 0.9 என்று இருக்கிறது, எவ்வளவு அழுத்திப் பிடிக்கும் என்கிற கணக்காக இருக்கும். வாசலில் ஆறிக் கிடந்த வேனில் இவருடைய மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். என் தேய்ப்பில் பாதி அழிந்துபோய், ஆனாலும் தெரிகிறது. 0.5. ஒன்று ஏறக்குறைய முழுசு, இன்னொன்று பாதி. தராசு பார்த்து வாங்கித் தின்றவளுக்கு இதுகூடவா தெரியாது?

நவம்பர் 14இலிருந்து பாதி வெயிட்டை வைத்துக்கொண்டு முழு மலை ஏறச் சொல்லியிருக்கிறேன் என் மகளை. குளிர்காலத்தில் தெரியவில்லை. வெயில் வந்ததும் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 15, புதன்

அவள் எழுந்திருக்கும் முன் புது மூடியை மாட்டினேன். அந்த ஆள் கொடுத்தது. கோபத்தில் கொஞ்சம் பலமாகவே திருகினேன்.

மகள் வந்து சொன்னாள்: "ஏழுல நிறுத்தினேம்மா. பாட்டில்ல தண்ணி ஏறவே இல்ல. முள்ளும் ஏறல. காத்து நல்லா அடிச்சதோ என்னவோ."

"இருக்கும்" என்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்றும் கொதிக்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.

சொல்லாமலே விட்டுவிடலாம். வேன் தானாகச் சரியாகிவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கேஸ்கெட் போச்சு என்று சொன்னவன் முகத்தில் கரி. பதினொரு பேர் முன்னால் இல்லாவிட்டாலும் மகள் முன்னாலாவது. இருபத்திரண்டு வருஷமாக இதற்குத்தானே காத்துக்கொண்டிருந்தேன்?

கிடைத்துவிட்டது. இனிக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

மறுபடி முப்பது கேன். இந்தத் தடவை கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, பாவமாகப் பார்த்தார். எங்கும் நிறுத்தாதே என்று மகளிடம் சொன்னேன். ஒன்பதில் அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. "மிதி, மிதி, ஆக்சிலேட்டர மிதி" என்றேன். பத்து, பதினொன்று, பதினாலு, ஆஸ்பத்திரி வாசல். முள் ஏழில் இருந்த இடத்தைவிட ஒரு கோடு மேலே ஏறி, அங்கேயே நின்றது. பாட்டிலில் ஒரு குமிழி இல்லை.

மகள் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்தாள். அப்போது சொன்னேன். முழுசாக. காகிதப் பை, பட்டன் டப்பா, டிரங்குப் பெட்டி, எல்லாம்.

சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "ஒரு மாசமா... என்னைய ரோட்டுல நிக்க வச்சது நீயா?"

"ஆமா."

"சித்தப்பா மேல இருக்கற கோவத்துல."

"ஆமா."

இறங்கும்போது கேன்கள்தான் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வந்தன.

ஏப்ரல் 20, திங்கள்

மகள் பேசவில்லை. வேனைப் பட்டறைக்கு விடாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நான் பட்டறைக்குப் போனேன். நடந்துதான். முந்தானையில் இவருடைய மூடி.

எதற்குப் போனேன்? மன்னிப்புக் கேட்கவா? கிடையாது. ஒரு கேள்வி இருந்தது. வேனுக்கு 0.5 குறைச்சல்தான். ஆனால் 0.5 என்று போட்ட மூடி லாரிக்கென்றே வந்தது. லாரிக்கு அது போதும். பிறகு ஏன் லாரி கொதித்தது? அழுத்தம் பார்க்கிற கருவி அந்த ஆளிடம்தான் இருக்கிறது. அந்தக் காரணம் எனக்கு இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

உள்ளே போனதும், ஏதோ நேற்று வந்து போனவளைப் பார்க்கிற மாதிரி, "வாங்கண்ணி" என்றான். ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டான். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்டியிருக்கிறான். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. மகள் சொல்லவில்லை. நான் கேட்கிறவளாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

உட்காரவில்லை. மூடியை நீட்டினேன். "நீ குடுத்தத மாட்டல. இதத்தான் மாட்டியிருந்தேன். நேத்து வரைக்கும் இல்ல, போன செவ்வாய் வரைக்கும்."

அவன் மூடியைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத நாலு தடவ கைல எடுத்துருக்கேன் அண்ணி. பளபளன்னு இருந்துச்சு. நான் குடுத்ததுதான்னு திரும்ப வச்சுட்டேன்."

"நல்லாத் தேய்ப்பேன் நான்."

"அது தெரியும்" என்றான். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. நான் சிரிக்கவில்லை.

மூடியைக் கருவியில் மாட்டிக் கையால் பம்ப் அடித்தான். அதில் ஒரு முள். 0.5க்குப் போக வேண்டும். 0.2க்கு வருவதற்குள் உஸ்ஸென்று விட்டுவிட்டது. மறுபடி அடித்தான். அதேதான். திருப்பிப் பார்த்து, ஸ்பிரிங்கை ஸ்குரூ டிரைவரால் தள்ளினான். ஒரு சுற்று உடைந்திருந்தது. உடைந்த முனைகள் ஒன்றோடொன்று உரசி உரசி வழவழவென்று தேய்ந்திருந்தன.

"இது அஞ்சு மாசத்துத் தேய்மானம் இல்ல" என்றான் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தான். "இது எந்த வண்டியோடது அண்ணி?"

"உங்க அண்ணன் வண்டியோடது."

பட்டறையில் கம்ப்ரெசர் ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை அணைத்துவிட்டு வந்தான்.

"அப்ப லாரி தண்ணி குடிச்சுதா? ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கா என்று என்னிடம் கேட்கிறான். சொன்னேன். முன்னே அரைச் செம்பு, கடைசி மாசம் மூன்று செம்பு, எந்தச் செம்பு, எத்தனை மணிக்கு, கடைசி நாளும் மூன்று.

"கீழ ஒழுகுச்சா?"

"வாசல்ல சிமெண்ட் தளம். ஒரு சொட்டு விழுந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? நான்தானே பெருக்கறவ."

மூடியை மறுபடி திருப்பி, உடைந்த ஸ்பிரிங்கை விரலால் தொட்டுப் பார்த்தான். "அப்ப மேல வழியாத்தான் போயிருக்கு. அழுத்தம் நிக்காம, ஏத்தத்துல கொதிச்சுக் கொதிச்சு வெளிய போயிருக்கு. அண்ணன் காலைல ஊத்துனது சாயங்காலத்துக்குள்ள தீந்திருக்கு. நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன் அண்ணி. பெரும்பாலும் இதுதான்." பிறகு சொன்னான்: "அன்னைக்கு நான் இஞ்சினப் பாத்தேன். மூடியப் பாக்கல. அண்ணன் தண்ணி பாத்துருக்காரு."

இருபத்திரண்டு வருஷம். இந்த ஒரு வரி.

அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"என் மேலயும் தப்பு இருக்கு" என்றேன். "நீ குடுத்தனுப்பினத நான் மாட்டியிருக்கணும்."

"நான் மூடியப் பாத்துருக்கணும்."

"ஆமா, பாத்துருக்கணும்" என்றேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

ஏப்ரல் 21, செவ்வாய்

மகள் இன்னும் பேசவில்லை. இரண்டு நாள் ஆகிறது. இந்த விஷயத்தில் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று தெரிகிறது.

ஏப்ரல் 22, புதன்

பேசிவிட்டாள். "டீ இருக்கா?" அவ்வளவுதான். அவளுக்கு இரண்டு நாள்தான் தாங்கியது. எனக்கு இருபத்திரண்டு வருஷம். நல்லதுதான், அவள் அப்பாவைக் கொண்டிருக்கிறாள்.

சித்தப்பா சொன்னதை அவளிடம் சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். அப்பா போகும்போது அவளுக்குப் பதினாறு வயசு. மறுபடி சொல்லச் சொன்னாள்.

ஏப்ரல் 25, சனி

கொதிக்கவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

ஆபீஸ் அம்மா போன் செய்தாள். நாளையிலிருந்தும் எங்கள் வேன்தான். "என்ன ரிப்பேர் பண்ணீங்க?" என்று கேட்டாளாம். "ஒரு மூடி மாத்தினோம்" என்றாளாம் மகள். "அவ்வளவுதானா?" என்றாளாம் அந்த அம்மா.

அவ்வளவுதானா!

மே 4, திங்கள்

காலையில் வேன் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தேன். நிரம்பி இருந்தது. செம்பைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன், குறித்தானா என்று கேட்க. குறிக்கவில்லை. "நாளைக்கே போகணும் தம்பி, நானும் கூட வரேன், நீ ஏமாத்துவ" என்றேன். "சரிங்கண்ணி" என்றான்.

இவருடைய மூடி பட்டறை வாசலில், உள்ளே நுழைகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, ஆணியில் தொங்குகிறது. கீழே ஒரு அட்டை. சாக்பீஸால் அவனே எழுதியிருக்கிறான்: அண்ணன் லாரி மூடி. எந்த வண்டி கொதித்தாலும் முதலில் இதைப் பார்.

அட்டை ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது. பார்த்தேன். நேராக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.